ஐந்து மதிப்பெண் வினா

ஒன்பதாம் வகுப்புக்கு ஹென்றியை நடத்தும் நாளில்
சன்னலை அடைத்துவிடுவேன்.
மூக்கையூர்க் காற்று அப்படியும் கொண்டுவந்துவிடும்,
வலைக்கூடத்துக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில்
அப்பா மைக்கைத் தட்டிப் பார்ப்பதை.

தாத்தா தன் மூன்று மகன்களுக்கும்
மூன்று ராசாக்களின் பெயரை வைத்தார்.
மூத்தவர் மெல்கியோர். அம்மாவைக் கட்டியவர்.
நாற்பது நாள் கல்யாணம்,
அதில் அவர் கரையில் இருந்தது ஒன்பது நாள் என்பாள் அம்மா.
அதற்குமேல் கேட்டால் மீன் செதில் தெறிக்கும்.
சடலம் வாலிநோக்கத்தில் ஒதுங்கியது.
அடுத்த ராசா கஸ்பார், என் அப்பா,
அண்ணியைக் கட்ட மதுரைப் பேராயரிடம்
விலக்குக் கடிதம் வாங்க
மூன்று பஸ் மாறிப் போனாராம்,
கருவாட்டு மூட்டையோடு.

இருபது வருடம் கழித்து
அந்தக் கடிதத்தைத்தான் பெட்டியின் அடியிலிருந்து எடுத்தார்.
தங்கியது நான் ஒருத்தி.
எனக்குப் பின் மூன்று,
எல்லாம் கல்லறைத் தோட்டத்து மேற்குச் சுவரோரம்
பெயரில்லாத மணல்.
"லேவியராகமம் இருபது, இருபத்தொண்ணு.
அண்ணன் பொண்டாட்டிய எடுத்தவனுக்குச் சந்ததி இல்ல."
நான் பக்கத்தில்தான் நின்றேன்,
அவருடைய சோற்றுத் தட்டோடு.

சிவகங்கைக்கு நான்கு முறை போனார்.
ஆயர் இல்லத்தில் நாற்காலி போட்டார்கள்,
டீ கொடுத்தார்கள்,
கொடுத்த விலக்கை விலக்க முடியாது என்றார்கள்.
ஐந்தாம் முறை அவர் போகவில்லை.
சாயல்குடியில் எஸ்தர் என்று ஒரு நர்ஸ்.

எங்கள் வீட்டில் முதலில் மாறியது ஓர் எழுத்து.
செபம் ஜெபமானது.
செபமாலைக்கு மட்டும் ஜ வரவில்லை,
அது ஆணியிலேயே தொங்கியது.
மாதா சுரூபத்தை அப்பா பரணில் ஏற்றுவார்,
அம்மா இறக்குவாள்,
இப்படி ஒரு வாரம்.
பிறகு கொட்டகை வந்தது. பலகை வந்தது.
தலைமைப் போதகர்: கஸ்பார்.
ஊரில் பதினேழு குடும்பம் மாறியது.
பதினாறு அவரிடம் வள்ளத்துக்குக் கடன்பட்டவை.
பதினேழாவது எதற்கென்று தெரியவில்லை,
உண்மையாகவே விசுவசித்திருக்கலாம்.

அம்மா வீட்டைவிட்டு இறங்கவில்லை.
குடும்ப அட்டையில் மனைவி என்ற இடத்தில்
இன்னும் இஞ்ஞாசியம்மாள்தான்.
மண்ணெண்ணெய்க்குக் கையெழுத்துப் போடும்போது
கஸ்பார் ரொட்ரிகோ மனைவி என்று
முழுக்க எழுதுவாள்.
கடைக்காரர் அவ்வளவு கேட்பதில்லை.

எஸ்தருக்கு முதலில் பெண்.
அன்று கொட்டகையில் மைக் பேசவில்லை.
அடுத்தது பையன், யோசுவா.
ஊருக்கே பிரியாணி. எங்களுக்கும் ஒரு வாளி வந்தது.
அம்மா தின்றுவிட்டு உப்பு குறைவு என்றாள்.
மூன்று வள்ளமும் அவன் பேருக்கு எழுதியாயிற்று.
பதினொரு வயதாகிறது.
அலையில் ஏற்றினால் வாந்தி எடுக்கிறான்,
இரவெல்லாம் இளைப்பு.
இருட்டியபின் பின்கதவைத் தட்டி
அந்தோனியார் கயிறு கேட்டாள் எஸ்தர்.
அம்மா இரண்டு கொடுத்தாள்.
இது இந்த ஊரில் மூன்று பேருக்குத் தெரியும்.

காலாண்டுத் தேர்வு. வினா பன்னிரண்டு:
எட்டாம் ஹென்றி போப்பாண்டவரைப் பிரிந்ததன் காரணம் யாது?
புத்தகத்தில் ஆறு வரி இருக்கிறது.
இரண்டாம் பெஞ்சு, எஸ்தரின் மூத்தவள்,
என்னை டீச்சர் என்று மட்டும் கூப்பிடும் என் தங்கை,
ஒரே வரி எழுதியிருக்கிறாள்:
"ஏற்கனவே வீட்டில் ஒரு மகள் இருந்ததால்
ஹென்றி போப்பண்டவரைப் பிரிந்தார்."

ஒரு கால் விட்டுப்போயிருக்கிறது.
கால் இல்லாத அந்தச் சொல்லுக்குள் ஆண் இல்லை.
சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
ஒன்று, இரண்டு, மூன்று என்கிறது மைக்,
ஒன்று, இரண்டு.
எழுத்துப் பிழைக்கு அரை மதிப்பெண் குறைப்பது வழக்கம்.
காலைப் போடாமல்
அடுத்த தாளை எடுத்தேன்.